கிணறும் குழாய்நீரும் சந்திக்கும் இடம்: பின்னோட்டத் தடுப்பானைச் சோதித்துத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புப் பக்கம் பல வீடுகளின் பின்வளவில் இந்த அமைப்பைக் காணலாம். கிணத்தடியில் ஒரு மோட்டர், அதிலிருந்து மேல்தாங்கிக்கு ஏறும் ஒரு அங்குலப் பைப், மதிலோரம் நீர் வழங்கல் சபையின் மீற்றர், அங்கிருந்து வரும் அரை அங்குலப் பைப். இரண்டும் எங்கோ மூன்று வாயுள்ள ஒரு 'ரீ' மூட்டில் சேரும். சேருமிடத்தில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு பித்தளை ஒருவழி வால்வு (என்.ஆர்.வி.) இருக்கும். சில வீடுகளில் வெறும் கேற் வால்வுதான். "குழாய்த் தண்ணி நிண்டா இதைத் திறந்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பைப் வேலை செய்தவர் போயிருப்பார். உங்கள் கிணற்றுநீர் தெருவின் குடிநீர்க் குழாய்க்குள் போகாமல் காப்பது அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றுதான். பூட்டிய நாளிலிருந்து அது வேலை செய்கிறதா என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோதிக்காத தடுப்பானை நம்பி எவருக்கும் தண்ணீர் கொடுக்கக்கூடாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தச் சோதனையைச் செய்யும் முறையைப் பற்றியது. வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் இதில் உண்டு. ஹோட்டல், நெல் ஆலை, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்து முறையாகச் செய்ய வேண்டியவையும் உண்டு.

தண்ணீர் ஏன் பின்னால் ஓடுகிறது

அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும். தெருக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கும்வரை அது உங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த நிலை மாறினால் வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போகும். இது இரண்டு வழியில் நடக்கும்.

முதலாவது உறிஞ்சல். தெருவில் பிரதான குழாய் உடைகிறது, அல்லது திருத்த வேலைக்காகப் பூட்டி வடிக்கிறார்கள். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அந்த நேரம் மருந்தடிக்கும் டாங்கிக்குள் ஹோஸ் முனை அமிழ்ந்து கிடந்தால் மருந்துத் தண்ணீர் குழாய்க்குள் இழுபடும். சைபன் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவதும் இதே வேலைதான்.

இரண்டாவது தள்ளல். 2.31 அடி உயரத் தண்ணீர் 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல்) அழுத்தம் கொடுக்கும். 20 அடி உயரத்தில் நிற்கும் தாங்கி தரைமட்டத்தில் 8.7 பி.எஸ்.ஐ. கொடுக்கிறது. 25 மீற்றர் உயரத்துக்குத் தள்ளக்கூடிய கிணற்று மோட்டர் ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ. கொடுக்கும். மாலையில் ஊரெல்லாம் குழாயைத் திறக்கும்போது உங்கள் தெருமுனையில் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் மோட்டருக்கு எதிரே தெருக்குழாய் நிற்காது. இடையிலுள்ள வால்வு பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் உங்கள் கிணற்றுநீர் பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போகும்.

1933இல் சிக்காகோவில் ஹோட்டல் குழாய்களில் இருந்த இப்படியான தவறான இணைப்புகளால் அமீபா வயிற்றுக்கடுப்புப் பரவி 98 பேர் இறந்தார்கள். பின்னோட்டத்தைத் தடுப்பது தனியொரு தொழிலாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஆபத்து கூடுவதற்கு மண்ணும் மாரியும் காரணம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடப்பது மணல். நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, கிணறு ஆழமில்லை, சிறிய வளவுகளில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி போதாது. மார்கழி, தையில் வெள்ளம் ஏறினால் குழி, கிணறு, வடிகான் எல்லாம் ஒரே தண்ணீராகும். உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்பும் தண்ணீரில் இந்தக் கிணற்றுநீர் கலந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை.

முதலில் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன் தவறான இணைப்புகளைக் கண்டுபிடியுங்கள். பாதி இணைப்புகளை ஒரு வால்வும் வாங்காமல் ஒரு வாளால் வெட்டி, ஒரு மூடியால் அடைத்தே தீர்த்துவிடலாம்.

கழிப்பறையில் கொமோட் அருகே தொங்கும் கைச்சவரைப் பாருங்கள். ஹோஸ் நீண்டு அதன் தலை கொமோட்டுக்குள்ளோ தண்ணீர் வாளிக்குள்ளோ இறங்கக்கூடியதாக இருந்தால் அது ஒரு தவறான இணைப்பு. கொளுக்கியை மேலே ஏற்றி, ஹோஸைக் குறுக்கி, தலை கொமோட் விளிம்புக்குக் கீழே போகாதபடி செய்யுங்கள். அந்தப் பைப்பைக் கிணற்றுத் தாங்கியிலிருந்து மட்டும் எடுத்தால் இன்னும் நல்லது.

மேல்தாங்கியின் மூடியைத் திறந்து மிதவை வால்வைப் பாருங்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று சிலர் அதன் வாயில் ஒரு பைப் துண்டைப் பூட்டி அடிமட்டம்வரை விட்டிருப்பார்கள். தெருவில் வெற்றிடம் வந்தால் அந்தத் துண்டு தாங்கித் தண்ணீரை உறிஞ்சித் தெருவுக்கு அனுப்பும். உடனே கழற்றுங்கள்.

பள்ளிவாசல் வுழூத் தொட்டி, கோயில் தீர்த்தத் தொட்டி, மாட்டுத் தொட்டி எதுவானாலும் நிரப்பும் குழாயின் வாய் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மருதமுனை நெசவுக் கொட்டில்களில் சாயத் தொட்டிக்குள் ஹோஸைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது வழக்கமாக இருந்தால் அதை நிறுத்த வேண்டும். வாகனம் கழுவுமிடத்தில் சவர்க்காரம் கலக்கும் இயந்திரம், சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளின் கொதிகலன், பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களின் நீச்சல் தடாகம், பல் வைத்தியரின் நாற்காலி, ஆய்வுகூடத் தொட்டி எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும்.

சபைப் பைப்பில் நேரடியாக மோட்டர் பூட்டித் தண்ணீர் இழுக்கும் வீடு தெருவில் ஒன்று இருந்தாலும் போதும். அந்த மோட்டர் உண்டாக்கும் வெற்றிடம் பக்கத்து வளவுகளின் அழுக்கை இழுக்கும். சபைத் தண்ணீரை முதலில் ஒரு கீழ்த்தாங்கிக்கு விழவிட்டு, அங்கிருந்துதான் மோட்டர் எடுக்க வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்தத் தடுப்பு

எல்லாவற்றிலும் மேலானது காற்று இடைவெளி. அதில் தேயவோ சிக்கவோ ஒன்றுமில்லை. குழாயின் வாய்க்கும் தாங்கி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு வெளி இருக்க வேண்டும். எப்படியும் 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. குழாய் சுவரோடு ஒட்டி இருந்தால் மூன்று மடங்கு விடுங்கள். இந்த இடைவெளியை மிதவை நிற்கும் மட்டத்திலிருந்து அளப்பது பிழை. மிதவை பழுதாகி வழிபைப் வழியாகத் தண்ணீர் ஓடும்போது மட்டம் எங்கே நிற்குமோ அங்கிருந்து அளக்க வேண்டும். அரை அங்குலம் உள்ளே வந்தால் வழிபைப் ஒன்றேகால் அங்குலமாவது இருக்கட்டும். அதன் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள்.

வீடுகளுக்கு நாங்கள் சொல்வது இரண்டு தாங்கி. சபைத் தண்ணீர் ஒன்றில் விழுந்து குசினிக்கும் குடிக்கவும் போகட்டும். கிணற்றுத் தண்ணீர் மற்றதில் ஏறிக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போகட்டும். இரண்டையும் இணைக்கும் பைப் எங்கும் இருக்கக்கூடாது. ஒரே தாங்கிதான் என்றால் இரண்டு பைப்பும் மேலிருந்து தனித்தனியே, காற்று இடைவெளியோடு விழ வேண்டும். அப்படிச் செய்தால் தாங்கித் தண்ணீர் கலந்தாலும் தெருக்குழாய் பிழைக்கும். சிலர் கட்டாயம் மாற்றி மாற்றிப் பாவிக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கழற்றி மாட்டும் ஒரு யூனியன் துண்டு போதும். ஒரே துண்டு என்பதால் கிணற்றோடு மாட்டினால் சபைப் பக்கம் வெறும் வாயாக நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்ட முடியாது.

தோட்டக் குழாய்க்கு ஹோஸ் பூட்டும் முனையில் திருகும் சின்ன வெற்றிட உடைப்பான் போதும். அது உறிஞ்சலை மட்டும் தடுக்கும், தள்ளலைத் தடுக்காது. அதற்குப் பிறகு வால்வு போட்டு 12 மணித்தியாலத்துக்கு மேல் அழுத்தத்தில் வைத்திருக்கவும் கூடாது. பெரிய தோட்டத்தில் தெளிப்பான் பூட்டியிருந்தால் பி.வி.பி. எனப்படும் அழுத்த வகை வெற்றிட உடைப்பான் வேண்டும். அதை ஆக உயரமான தெளிப்பானுக்கும் 12 அங்குலம் மேலே வைக்க வேண்டும்.

இரண்டு ஒருவழி வால்வுகள் தொடராக உள்ள இரட்டைச் செக் வால்வு, நிறம், மணம், சுவை கெடுக்கும் அளவிலான ஆபத்துக்கு உரியது. மருந்து கலக்காத தீயணைப்பு லைன் அதற்கு நல்ல உதாரணம். நோயோ நஞ்சோ வரக்கூடிய இடத்தில் அதை நம்பக்கூடாது. கொதிகலன், சாயம், ஆஸ்பத்திரி, இரசாயனம் என்று வந்தால் ஒன்று காற்று இடைவெளி, இல்லாவிட்டால் குறைந்த அழுத்த வலயத் தடுப்பான் எனப்படும் ஆர்.பி.இசட். இதில் இரண்டு செக் வால்வும், அவற்றுக்கு நடுவிலுள்ள அறையிலிருந்து தண்ணீரை வெளியே கொட்டும் ரிலீஃப் வால்வும் இருக்கும். உள்ளே ஒன்று பழுதானால் அழுக்கு குடிநீருக்குள் போகாமல் நிலத்தில் கொட்டும்.

ஆர்.பி.இசட். வழியில் 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் போய்விடும். தெருவில் வருவதே 15 என்றால் அதைப் பூட்டிய பின் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் அழுத்தம் குறைந்த இடங்களில் நெல் ஆலைக்கும் சாயக் கொட்டிலுக்கும் இடைத்தாங்கி வைத்து, காற்று இடைவெளியோடு நிரப்பி, அங்கிருந்து மோட்டரில் எடுப்பதே எங்கள் தெரிவு.

வீட்டில் கேஜ் இல்லாமல் செய்யும் சோதனை

என்.ஆர்.வி. பூட்டியிருந்தால், மீற்றருக்குப் பின்னாலுள்ள பூட்டு வால்வுக்கும் என்.ஆர்.வி.க்கும் இடையில் ஒரு 'ரீ' போட்டு அரை அங்குலக் குழாய் ஒன்று வையுங்கள். மீற்றரையும் அதற்கு முந்தியதையும் தொடாதீர்கள், அவை சபையினுடையவை. இனி மீற்றருக்குப் பின்னாலுள்ள பூட்டு வால்வை மூடுங்கள். கிணற்று மோட்டரைப் போட்டு வால்வின் வீட்டுப் பக்கத்தை அழுத்தத்தில் வையுங்கள். சோதனைக் குழாயைத் திறந்தால் பைப்பில் நின்ற தண்ணீர் வடியும். வடிந்து முடிந்த பின் கீழே ஒரு பேணியை வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். பேணி காய்ந்திருந்தால் வால்வு பிடிக்கிறது. சொட்டினால் பிடிக்கவில்லை. அது பூட்டு வால்வின் ஒழுக்காக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க மோட்டரை நிறுத்தி, தாங்கிக்குப் போகும் வால்வையும் மூடி, வீட்டுப் பக்கத்துக் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். சொட்டு நின்றால் குற்றவாளி என்.ஆர்.வி.; தொடர்ந்தால் பூட்டு வால்வு.

ஹோஸ் முனையிலுள்ள வெற்றிட உடைப்பானுக்கு இன்னும் சுலபம். ஹோஸில் தண்ணீர் ஓடவிட்டுக் குழாயை மூடுங்கள். உடைப்பானின் பக்கத் துளைகளால் கொஞ்சம் தண்ணீர் சிந்தினால் அது காற்றை எடுக்கிறது. ஒன்றும் சிந்தாவிட்டால் உள்ளே உப்பும் மணலும் பிடித்துவிட்டது. மாற்றுங்கள்.

மூடிய நேரத்தில் மீற்றரின் சின்ன முள் பின்னோக்கிச் சுற்றுவது, சபைத் தண்ணீர் திடீரென உவர்ப்பது, குளோரின் மணம் போய்விடுவது, தண்ணீர் நின்ற நேரம் குழாயைத் திறந்தால் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்பது, இவை எச்சரிக்கைகள். முதல் மூன்றில் ஒன்றைக் கண்டால் கிணற்றுப் பக்கத்தை மூடிவிட்டு 1939க்கு அழைத்துச் சபைக்குச் சொல்லுங்கள். சொல்லத் தயங்க வேண்டாம், உங்கள் தெருவில் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அது.

கேஜ் வைத்துச் செய்யும் சோதனை

வேண்டியவை: 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை காட்டும் வித்தியாச அழுத்தக் கேஜ், அதன் மூன்று ஹோஸ்கள் (மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், பைபாஸ்), கால் அங்குலப் பித்தளை இணைப்புகள், ஒரு துண்டு தெளிந்த குழாய், இரண்டு ஸ்பனர், வாளி, பதிவுத்தாள். கேஜை வருடம் ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். பிழையான கேஜோடு எடுத்த எண்ணை எழுதுவது எழுதாமல் விடுவதிலும் கெட்டது.

தடுப்பானில் நான்கு சோதனை முனைகள் உண்டு. 1 உள்வரும் பூட்டு வால்வுக்கு முன், 2 அதற்கும் முதல் செக்குக்கும் இடையில், 3 இரண்டு செக்குக்கும் நடுவில், 4 இரண்டாம் செக்குக்குப் பின். தொடங்குமுன் கட்டடத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கும் நேரம் தொடவே கூடாது. தீயணைப்பு லைன் என்றால் காவலருக்கும் தெரியவேண்டும்.

ஆர்.பி.இசட். சோதனை இப்படி:

1. நான்காம் முனையைத் திறந்து ஓடவிடுங்கள். மூன்றைத் திறந்து மூடுங்கள், இரண்டை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஒன்றையும் அப்படியே. பிறகு நான்கை மூடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முனைக்குள் கிடக்கும் மணலும் ரெஃப்லோன் நூலும் கேஜுக்குள் போகும்.

2. மேல் ஹோஸை இரண்டிலும் கீழ் ஹோஸை மூன்றிலும் பூட்டுங்கள். மூன்றை மெதுவாகத் திறந்து கீழ்ப்பக்கக் காற்றை விடுங்கள். அதை விட்டபடியே இரண்டைத் திறந்து மேல்பக்கக் காற்றையும் விடுங்கள். மேல் விடுவானை (கேஜில் காற்றை வெளியேற்றும் சிறு திருகை) முதலில் மூடி, முள் ஏறிய பின் கீழ் விடுவானை மூடுங்கள். காற்று மிஞ்சினால் முள் ஆடும், எண் பொய்யாகும்.

3. வெளிச்செல்லும் பூட்டு வால்வை மூடுங்கள். முள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியதும் ரிலீஃப் வால்வு கொட்டத் தொடங்கினால் முதல் செக் ஒழுகுகிறது; மேலே போகாமல் திருத்தத்துக்கு வாருங்கள்.

4. ரிலீஃப் வால்வு திறக்கும் புள்ளி. கேஜின் மேல் கட்டுப்பாட்டு வால்வை ஒரு சுற்றுத் திறந்து, கீழ் வால்வைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெல்லத் திறவுங்கள். முள் மெதுவாக இறங்கும். மற்றக் கையை ரிலீஃப் வாய்க்குக் கீழே வையுங்கள். முதல் சொட்டு உள்ளங்கையில் விழும் கணத்தில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். 2.0 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 14 கிலோபாஸ்கல். முள் சட்டென்று விழுந்தால் நீங்கள் கூடத் திறந்துவிட்டீர்கள். மூடி மீண்டும் செய்யுங்கள்.

5. இரண்டாம் செக். கீழ் கட்டுப்பாட்டு வால்வை மூடுங்கள். பைபாஸ் ஹோஸில் காற்றைப் போக்கி நான்கில் பூட்டி முனையைத் திறவுங்கள். கீழ் விடுவானைச் சற்றுத் திறந்து முள்ளை மேலேற்றி மூடுங்கள். இப்போது பைபாஸ் வால்வைத் திறந்தால் மேல் அழுத்தம் இரண்டாம் செக்கின் முதுகில் போய் நிற்கும். முள் ரிலீஃப் புள்ளிக்கு மேலேயே நின்றால் செக் பிடிக்கிறது. கொஞ்சம் இறங்கி நின்றால் ஒருமுறை காற்றைவிட்டு மீண்டும் பாருங்கள். வழுகி வழுகி ரிலீஃப் கொட்டும்வரை போனால் ஒழுகுகிறது.

6. ஹோஸ்கள் அப்படியே இருக்க, இரண்டாம் முனையை மூடுங்கள். முள் நின்றால் வெளிப்பூட்டு வால்வு நன்றாக மூடுகிறது. பூச்சியத்துக்கு விழுந்தால் அது ஒழுகுகிறது. இதுவரை எடுத்த எண்களை நம்பாதீர்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

7. இரண்டாம் முனையைத் திரும்பத் திறந்து, கீழ்ப்பக்கத்தை விட்டு முள்ளை ஏற்றி, அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். அது முதல் செக்கின் எண். 5.0க்குக் குறையக்கூடாது, ரிலீஃப் புள்ளியைவிட 3 பி.எஸ்.ஐ.யாவது கூட இருக்க வேண்டும். அந்த இடைவெளி போதாவிட்டால் தெரு அழுத்தம் ஆடும்போதெல்லாம் ரிலீஃப் துப்பிக்கொண்டிருக்கும்.

8. மேல் ஹோஸை மூன்றுக்கும் கீழ் ஹோஸை நான்குக்கும் மாற்றி, காற்றை விட்டுப் பாருங்கள். இரண்டாம் செக் 1.0 அல்லது கூட.

முடிந்ததும் முனைகளை மூடி, ஹோஸ்களைக் கழற்றி, வெளிப்பூட்டு வால்வை மிக மெதுவாகத் திறவுங்கள். வேகமாகத் திறந்தால் குழாய் அடிக்கும், இப்போதுதான் தேர்ந்த செக்கின் இறப்பர் இடம்மாறும்.

இரட்டைச் செக்குக்கு வேலை குறைவு. மேல் ஹோஸ் இரண்டில், தெளிந்த குழாய் மூன்றில் நிமிர்ந்து நிற்க வேண்டும். குழாயில் தண்ணீரை நிரப்பி முனையை மூடுங்கள். வெளிப்பூட்டு வால்வை முதலிலும் உள்பூட்டு வால்வை அடுத்தும் மூடுங்கள். கேஜைத் தெளிந்த குழாயின் தண்ணீர்மட்டத்துக்குச் சமமாகப் பிடித்து மூன்றைத் திறவுங்கள். ஒழுக்கு நின்றபின் முள் 1.0க்குக் கீழே இறங்காவிட்டால் முதல் செக் தேறியது. தண்ணீர் நிற்காமல் ஓடினால் பூட்டு வால்வுகளில் ஒன்று ஒழுகுகிறது. பிறகு ஹோஸை மூன்றுக்கும் தெளிந்த குழாயை நான்குக்கும் மாற்றி இரண்டாம் செக்கைப் பாருங்கள். பி.வி.பி.யில் காற்று வாயும் செக்கும் தலா 1.0 கொடுக்க வேண்டும்.

கொட்டிக்கொண்டே இருந்தால்

ரிலீஃப் வால்வு கொட்டுவதைக் கண்டதும் அதையே கழற்றிப் பார்ப்பது பொதுவான பிழை. அந்த வால்வு சரியாகத்தான் தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் பழுது வேறிடத்தில்.

வெளிப்பூட்டு வால்வை மூடுங்கள். கொட்டுவது நின்றால் இரண்டாம் செக் ஒழுகுகிறது, கீழிருந்து ஏதோ ஒன்று தள்ளுகிறது. அந்த மோட்டரையும் தேடுங்கள். நிற்காவிட்டால் நான்காம் முனையைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். ஓடும்போது நின்றால் முதல் செக்கில் கல்லோ மணலோ சிக்கியிருக்கிறது. ஓடும்போதும் கொட்டினால்தான் ரிலீஃப் வால்வில் குற்றம்: இருக்கையில் (இறப்பர் வட்டு வந்து அமரும் விளிம்பில்) அழுக்கு, கிழிந்த டயபிரம் (இறப்பர்த் தகடு), அல்லது அழுத்தத்தை உணரும் சிறு துவாரம் அடைபட்டிருக்கிறது.

விட்டு விட்டுச் சிறிது துப்பினால் தெரு அழுத்தம் ஆடுகிறது. உள்ளே வரும் பக்கத்தில் ஒரு சாதாரண ஒருவழி வால்வு போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கழற்றித் திருத்தும் ஒழுங்கு

வெளிப்பூட்டு வால்வு, அடுத்து உள்பூட்டு வால்வு. பிறகு இரண்டு, மூன்று, நான்கு முனைகளைத் திறந்து அழுத்தத்தை முழுவதும் இறக்குங்கள். முதல் செக்கின் ஸ்பிரிங் பலமானது. மூடியின் ஆணிகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முகத்தை மூடிக்கு நேரே வைக்காதீர்கள். ஒவ்வொரு துண்டையும் எடுக்கும் முன் போனில் படம் எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள்.

இறப்பர் வட்டைப் பாருங்கள். இருக்கையின் விளிம்பு அதில் ஆழமாகப் பதிந்து வளையம்போல் தெரிந்தால் மாற்றும் நேரம். மணல் சிக்கிய இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். விரலைவிட நகத்துக்கு அது நன்றாகத் தெரியும். வட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் திருப்பிப் போட்டு அவசரத்துக்குச் சமாளிக்கலாம், ஆனால் புதிய கிற்றை (மாற்றுப் பாகங்களின் பொதியை) உடனே எடுப்பியுங்கள். இருக்கையை மென்மையான துணியால் துடையுங்கள். கத்தி, ஸ்குரூட்ரைவர், மண்தாள் எதுவும் அங்கே படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் எத்தனை இறப்பர் மாற்றினாலும் ஒழுகும்.

சைக்கிள் ரியூப்பை வெட்டி வட்டாகப் போடுவதைப் பல இடங்களில் செய்கிறார்கள். இரண்டு நாள் பிடிக்கும். பிறகு குளோரின் பட்டு உப்பி, இருக்கையில் ஒட்டி, வால்வையே பாழாக்கும். குடிநீருக்கு ஏற்ற பொருளும் அல்ல. கருவியின் தகட்டிலுள்ள உற்பத்தியாளர், மாதிரி, அளவு, தொடர் எண் நான்கையும் கொடுத்து அதற்குரிய கிற்றையே எடுங்கள். கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால் ஒரு கிற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஓ-ரிங்குக்கு உணவுத்தர சிலிக்கோன் கிறீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். வண்டிக் கிறீஸ், தேங்காயெண்ணெய் இரண்டும் வேண்டாம். எண்ணெய் பட்டால் இந்த இறப்பர் வகைகள் பல உப்பும். பூட்டுமுன் உள்பூட்டு வால்வைச் சிறிது திறந்து, மூடி இல்லாமலே உடலுக்குள் தண்ணீர் பாயவிட்டு மணலைக் கழுவுங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர் மறுநாள் அதே வால்வைத் திரும்பக் கழற்றுவார். பூட்டியதும் முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பழுதான பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது.

கிணற்றுநீரோ வெள்ளநீரோ குடிநீர்ப் பக்கம் ஏற்கெனவே போயிருந்தால் தாங்கியையும் பைப்புகளையும் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். 1000 லீற்றர் தாங்கிக்கு 30 வீதக் குளோரின் தூள் ஏறத்தாழ 170 கிராம். அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரும். வாளியில் கரைத்து அடைய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணக்கும்வரை திறந்து மூடுங்கள். 24 மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விட்டு, வெளியேற்றி, மணம் தணியும்வரை புதிய நீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலோ வாவியிலோ விடாதீர்கள். தூள் பழையதாகவோ ஈரம் பட்டதாகவோ இருந்தால் கணக்கு நிற்காது, புதியதை வாங்குங்கள். குடிப்பதற்கு முன் ஒரு நீர் மாதிரியைச் சோதியுங்கள், இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி ஒன்றும் இருக்கக்கூடாது.

இடம், உயரம், நாள்

ஆர்.பி.இசட்டைக் குழிக்குள் வைப்பவர்கள் மாரியில் அதன் விலையைக் கொடுப்பார்கள். வெள்ளம் ஏறினால் ரிலீஃப் வாய் தண்ணீருக்குள் போகிறது. அந்நேரம் வெற்றிடம் வந்தால் தடுக்க வைத்த வாயாலேயே வெள்ளநீர் உள்ளே நுழையும். நிலத்திலிருந்து 12 அங்குலம் என்பது பொது விதி. இங்கே அது போதாது. சுவரில் பழைய வெள்ளக்கோடு எங்கே நிற்கிறதென்று கேட்டறிந்து, அதற்கு மேலே 12 அங்குலம் எடுங்கள். கொட்டும் தண்ணீர் போகும் பைப்பை ரிலீஃப் வாயோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வையுங்கள்.

சுடுநீர்க் கருவி உள்ள ஹோட்டலில் தடுப்பான் பூட்டிய நாளிலிருந்து சூடாகி விரியும் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. விரிவுத் தாங்கியோ பாதுகாப்பு வால்வோ இல்லாவிட்டால் குழாய் மூட்டுகள் ஒவ்வொன்றாக விடும்.

பூட்டியதும் ஒரு சோதனை, திருத்தியதும் ஒன்று, வருடத்துக்கு ஒன்று கட்டாயம். இந்தக் கரையில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெள்ளம் வடிந்தபின், தெருவில் பிரதான குழாய் உடைந்து திருத்தியபின். இரண்டாவதில் மணல் நிச்சயம் உள்ளே வந்திருக்கும். வருடச் சோதனையைப் புரட்டாதியில் வைத்தால் மாரிக்கு முன் கிற் எடுப்பித்துத் திருத்த நேரம் இருக்கும்.

பதிவுத்தாளில் நாள், இடம், மாதிரி, தொடர் எண், கேஜ் எண், திருத்துமுன் எடுத்த எண்கள், மாற்றிய பாகங்கள், திருத்தியபின் எடுத்த எண்கள், செய்தவர் பெயர் எல்லாம் வரவேண்டும். திருத்துமுன் எடுத்த எண்ணைப் பலர் எழுதுவதில்லை. போன வருடம் 7.2, இந்த வருடம் 5.4 என்று தெரிந்தால்தான் அடுத்த வருடத்துக்கு முன் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும் என்பது தெரியும். வால்விலேயே ஒரு தகடும் தொங்கட்டும். தாள் அட்டை உப்புக்காற்றில் ஒரு மாரியும் தாங்காது. அலுமினியத் துண்டில் ஆணியால் நாளைக் கீறி, துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள்.